நாக்குக்கு எக்சர்சைஸ் கொடுக்கும் கம்ப்யூட்டர் கேம்: யாருக்குப் பலன் தரும், யாருக்குத் தராது? பெரம்பலூர், அரியலூர் குடும்பங்களுக்கான விளக்கம்

பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கை கொஞ்சம் தூக்க முடிகிறது, சுவரைப் பிடித்து நடக்கவும் முடிகிறது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. இன்னொரு வீட்டில், வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு ரசம் சாதம்கூட இறங்க மாட்டேன் என்கிறது. வேறொரு வீட்டில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஐந்து வயதுக் குழந்தை நாக்கை வாய்க்குள் வைத்துக்கொள்ளச் சிரமப்படுகிறது.

இந்த மூன்று வீட்டாரிடமும் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவது கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான்: "நாக்குக்கு தினமும் எக்சர்சைஸ் கொடுங்க."

முதல் நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஆர்வமாகச் செய்வார்கள். நான்காவது நாள் பாதி. இரண்டாவது வாரம் அந்தப் பயிற்சித் தாள் எங்கே போனது என்றே தெரியாது. இந்தச் சலிப்பைத் தாண்டத்தான் உலகின் பல இடங்களில் நாக்குப் பயிற்சியை கம்ப்யூட்டர் கேமாக மாற்றிப் பார்க்கிறார்கள். நாக்கால் அழுத்தினால் திரையில் பலூன் மேலே போகும், நாக்கை இடது பக்கம் நீட்டினால் கார் இடது பக்கம் திரும்பும் என்பது மாதிரியான விளையாட்டுகள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா நாக்குப் பிரச்சினைக்கும் இது தீர்வு இல்லை. சில குழந்தைகளுக்கு இதில் நேரம் வீணாவதுதான் மிச்சம். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்வது பணத்தையும் மிச்சப்படுத்தும், அதைவிட முக்கியமாக மாதங்களை மிச்சப்படுத்தும்.

நாக்குக்கு எதுக்கு எக்சர்சைஸ்?

'நரம்பில்லாத நாக்கு' என்று ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை உண்டு. உண்மையில் நாக்கில் இல்லாதது எலும்புதான். நரம்புக்குக் குறைச்சலே இல்லை. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் கடைசி ஜோடி, நாக்கை அசைப்பதற்கென்றே இருக்கிறது. ருசிக்கும் தொடு உணர்வுக்கும் வேறு நரம்புகள் வருகின்றன.

நாக்கு என்பது எட்டு ஜோடித் தசைகளின் கட்டு. நான்கு ஜோடி நாக்குக்குள்ளேயே இருந்து அதன் வடிவத்தை மாற்றும். மற்ற நான்கு, தாடை, தொண்டை எலும்பு போன்ற இடங்களிலிருந்து வந்து நாக்கை முன்னும் பின்னும் மேலும் கீழும் இழுக்கும். யானையின் தும்பிக்கை வேலை செய்யும் விதமும் இதுதான். எலும்பு இல்லாமலேயே நீளும், சுருங்கும், மடங்கும்.

நாம் ஒரு கவளம் சோற்றை விழுங்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் அழுந்தி, உணவைப் பின்னால் தள்ளுகிறது. இந்த அழுத்தம் குறைந்தால் உணவு வாயிலேயே தங்கும், அல்லது நேரம் தப்பி மூச்சுக்குழாய் பக்கம் நழுவும். அதுதான் புரை ஏறுவது. திரும்பத் திரும்ப இப்படி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பக்கவாதத்துக்குப் பிறகு நோயாளிகளுக்கு வரும் பெரிய ஆபத்துகளில் இதுவும் ஒன்று. ஆகவே 'நாக்கு எக்சர்சைஸ்' என்பதை ஏதோ கூடுதல் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

நாக்கின் அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. சிறிய காற்றுக் குமிழ் ஒன்றை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். எவ்வளவு பலமாக அழுத்துகிறார் என்பது கிலோபாஸ்கல் கணக்கில் திரையில் வரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது சுமார் 60 கிலோபாஸ்கல் இருக்கும், வயதாக ஆகக் குறையும். ஜப்பானில் பல் மருத்துவர்கள் வேறொரு கருவியால் அளந்து, 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் வாயின் செயல்திறன் குறைகிறது என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, கேம் எப்படி நாக்கைப் பார்க்கிறது?

கை எக்சர்சைஸ் செய்யும்போது கை அசைவதை நாமே பார்க்கிறோம். நாக்கு வாய்க்குள் ஒளிந்திருக்கிறது. சரியாக அழுத்தினோமா, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று செய்பவருக்கே தெரியாது. கேமின் முதல் உபயோகம் பொழுதுபோக்கு இல்லை, கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுவது.

இதற்குப் பல வழிகள் இருக்கின்றன. மேலே சொன்ன காற்றுக் குமிழைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், அழுத்த அழுத்தத் திரையில் ஒரு பொம்மை குதிக்கும். இலக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தெரபிஸ்ட் முடிவு செய்வார். இந்த வகைதான் மருத்துவரீதியாக அதிகம் சோதிக்கப்பட்ட பயிற்சிக்குப் பக்கத்தில் வருகிறது.

அடுத்தது கேமரா. ஜப்பானின் எலெக்ட்ரோ கம்யூனிகேஷன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்காக நாக்குப் பயிற்சி விளையாட்டு ஒன்றை 2013-ல் அறிமுகப்படுத்தினார்கள். வாயில் எதையும் வைக்கப் பிடிக்காத குழந்தைகள் உண்டு. அதனால் எதையும் தொடாமல் நாக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத் தேடினார்கள். அது சரியான யோசனை. இந்தக் குழந்தைகளோடு பழகிய யாருக்கும், வாய்க்குள் ஸ்பூன் வைப்பதே எவ்வளவு பெரிய போராட்டம் என்று தெரியும்.

ஆனால் சாதாரண செல்போன் கேமராவுக்கு நாக்கைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. உதடும் நாக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வாய்க்குள் இருட்டு வேறு. முகத்தின் ஆழத்தையும் அளக்கும் கேமரா உள்ள ஐபோன்களில் 'நாக்கு வெளியே வந்ததா' என்று கண்டுபிடிக்கும் வசதியை ஆப்பிள் 2018-ல் கொடுத்தது. அதுவும் வெளியே வந்ததா, இல்லையா, எவ்வளவு என்று சொல்லும். நாக்கு மேலே அண்ணத்தில் ஒட்டுகிறதா என்பதை எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. விழுங்குவதற்கு முக்கியமான அசைவே அதுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள்ளேயே பார்க்கும் தொழில்நுட்பமும் இருக்கிறது. பல் செட் மாதிரி மெல்லிய செயற்கை அண்ணம் செய்து, அதில் மின்முனைகளைப் பதித்துவிடுவார்கள். பிரிட்டனில் பயன்படும் ஒரு வகையில் 62 மின்முனைகள் இருக்கின்றன. நாக்கு எங்கெங்கே தொடுகிறதோ அந்தப் புள்ளிகள் திரையில் எரியும். அருமையான கருவி. ஆனால் ஒவ்வொருவர் வாய்க்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டும். குழந்தை வளர்ந்தால், பல் விழுந்து முளைத்தால் மறுபடியும் செய்ய வேண்டும். நம் ஊருக்கு இப்போதைக்கு இது கைக்கு எட்டாத சாமான்.

இன்னொரு வகை மைக் வழியாக வேலை செய்கிறது. குறிப்பிட்ட ஒலிகளை எழுப்பினால் கேம் நகரும், அந்த ஒலியை எழுப்ப நாக்கின் பின்பகுதியும் தொண்டையும் வேலை செய்தாக வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குறட்டைக்காக இப்படி ஒரு செல்போன் கேம் உருவாக்கி, தினமும் 15 நிமிடம் விளையாடவைத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2019-ல் வெளியானது. குறட்டை ஓரளவு குறைந்தது.

இந்தப் பட்டியலில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் உருவாக்கிய நாக்குக் கட்டுப்பாட்டுக் கருவி அது. நாக்கில் பொட்டு மாதிரி ஒரு காந்தம், தலையில் மாட்டும் சென்சார். கழுத்துக்குக் கீழே செயலிழந்த 11 பேர் அதைப் பயன்படுத்திச் சக்கர நாற்காலியையும் கம்ப்யூட்டரையும் இயக்கியதை 2013-ல் வெளியிட்டார்கள். யூடியூபில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு 'நாக்கு சிகிச்சை' என்று ஷேர் செய்கிறார்கள். அது நாக்கைக் குணப்படுத்தும் கருவி இல்லை, நன்றாக வேலை செய்யும் நாக்கைக் கை மாதிரி பயன்படுத்தும் கருவி.

எதுக்கு பலன் இருக்கு, எதுக்கு இல்லை?

இந்த விஷயத்தில் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம்: இதில் நாக்கைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்த 10 பேர் எட்டு வாரம் காற்றுக் குமிழை அழுத்திப் பயிற்சி எடுத்தார்கள். முதலில் ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்த முடியும் என்று பார்த்து, முதல் வாரம் அதில் 60 சதவீதம், பிறகு 80 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். நாக்கின் பலம் கூடியது, விழுங்குவதும் முன்னேறியது. 10 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் இந்த முறையை மற்ற இடங்களிலும் பின்பற்றத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வில் வேலை செய்தது கேம் இல்லை, அளவு வைத்து, படிப்படியாக ஏற்றி, வாரக்கணக்கில் விடாமல் செய்த அழுத்தப் பயிற்சி. ஜிம்மில் எடை தூக்குவது மாதிரிதான். கேம் செய்வது எல்லாம் அந்த எட்டு வாரத்தை விடாமல் கடக்கவைப்பது. எந்த இலக்கும் இல்லாமல் சும்மா நாக்கை நீட்டி மடக்கும் கேம், இதே பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாய்ப் புற்றுநோய்: இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.43 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. புகையிலையும் பாக்கும் போடும் பழக்கம் இதன் பெரிய காரணம். சிகிச்சைக்குப் பின் நாக்கு அசைவைத் தக்கவைக்கப் பயிற்சி கொடுப்பது வழக்கம்தான். ஆனால் ரேடியேஷன் எடுத்தவர்களிடம் நாக்கைப் பலப்படுத்தும் பயிற்சியைச் சோதித்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், 2014-ல், நாக்கின் பலத்திலோ விழுங்குவதிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இங்கே நம்பிக்கையை அளவோடு வைக்க வேண்டும். எந்தப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டது, எவ்வளவு ரேடியேஷன் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். பாக்கு போட்டு வாயே இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காதவருக்குக் குமிழை உள்ளே வைப்பதே முடியாது. அவருக்கு முதல் பயிற்சி வாய் திறப்பதுதான்.

தூக்கத்தில் மூச்சுத் தடை, குறட்டை: பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 2009-ல் வெளியான ஆய்வில் மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சு நின்று நின்று வருவது சராசரியாக 39 சதவீதம் குறைந்தது. மிதமான பாதிப்பு உள்ளவர்களிடம் கிடைத்த முடிவு அது. தீவிரப் பாதிப்பு உள்ளவர் டாக்டர் கொடுத்த மூச்சுக் கருவியை ஓரங்கட்டிவிட்டு கேம் ஆடக் கூடாது.

இனி, குழந்தைகளின் பேச்சு. நான்கு வயதுக் குழந்தை 'காக்கா'வை 'தாத்தா' என்கிறது, 'ராஜா'வை 'லாஜா' என்கிறது. பல இடங்களில் உடனே நாக்குப் பயிற்சி கொடுப்பார்கள்: நாக்கை மேலே தூக்கு, விசில் ஊது, தேன் தடவி நக்கு. அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 537 ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளில் 85 சதவீதம் பேர் இப்படிப்பட்ட, பேச்சு இல்லாத வாய்ப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் அதற்கு ஆதாரம்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் இதைப் பார்த்தது. கணக்கில் எடுக்கத் தகுதியானவை மூன்றே சிறிய ஆய்வுகள்தான் கிடைத்தன. உச்சரிப்புப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சிகள் பலன் தரும் என்பதற்கு அவற்றில் வலுவான ஆதாரம் இல்லை.

காரணமும் புரியக்கூடியதுதான். பேசுவதற்கு நாக்கின் பலத்தில் கொஞ்சம்தான் தேவைப்படுகிறது. தேவைப்படுவது வேகமும் துல்லியமும். சைக்கிள் ஓட்டப் பழக, படுத்துக்கொண்டு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் போதாது, சைக்கிளில் ஏற வேண்டும். 'ர' வராத குழந்தைக்கு 'ர' வரும் சொற்களைச் சொல்லித்தான் பழக்க வேண்டும். அதனால் யாராவது 'இந்த ஆப்பில் நாக்கை நீட்டி விளையாடினால் பேச்சு வந்துவிடும்' என்று சந்தா கேட்டால், காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சே வராத குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். பேச்சுத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாக்கு இல்லை. காது கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்னமும் இருக்கிறது. நாக்கு கேம் அந்த வசம்பின் டிஜிட்டல் வடிவமாகிவிடக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பேச்சு வராத குழந்தையின் கையில் சிகிச்சை என்ற பெயரில் இன்னொரு செல்போனைக் கொடுப்பது, தீயை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிற கதை.

இங்கிலீஷ் கேம் தமிழ் நாக்குக்கு ஒத்துவருமா?

சந்தையில் இருக்கும் பேச்சு கேம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக உருவானவை. தமிழுக்கு அவை பாதிதான் பொருந்தும்.

தமிழில் நாக்கு செய்யும் வேலை வேறு. ன, ண, ந என்று மூன்று. ல, ள, ழ என்று மூன்று. நுனி நாக்கை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் எழுப்ப வேண்டிய ஒலிகள் இவற்றில் இருக்கின்றன. ஆங்கில கேமில் அந்த வளைவுக்கு இடமே இல்லை. எந்த ஒலிக்கு நாக்கின் எந்தப் பகுதி அண்ணத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலாகவே வைத்து விளக்கியிருக்கிறது. அடி நாக்கு, நடு நாக்கு, நுனி நாக்கு என்ற பகுப்பு அங்கேயே இருக்கிறது. தமிழில் ஒரு நாக்குப் பயிற்சி கேம் உருவாக்க நினைக்கும் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இதைவிட நல்ல திட்ட வரைபடம் கிடைக்காது.

அப்படி யாராவது செய்தால், சொற்களை ஜோடியாக வைத்துச் செய்யலாம். பனி, பணி. வால், வாள். கலை, களை. குழந்தை 'வால்' என்றால் திரையில் குரங்கு வரும், 'வாள்' என்றால் ராஜா வருவார். தவறாகச் சொன்னால் தவறான படம் வரும், குழந்தையே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். இது பேச்சோடு சேர்ந்த பயிற்சி, அதனால் வெறும் நாக்கு நீட்டலைவிட மேல். பள்ளிப் புத்தகத்தில் வரும் நா நெகிழ்ப் பயிற்சிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன, பேட்டரி இல்லாமல்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார்கள். அது குறைபாடு இல்லை, வட்டார வழக்கு. அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் அப்படிப் பேசும் வீட்டில் குழந்தையும் அப்படித்தான் பேசும். கம்ப்யூட்டர் 'தப்பு' என்று சிவப்பு விளக்கு காட்டினால், குற்றம் கம்ப்யூட்டர் மேல்தான்.

(குலவை போடும்போது நம் ஊர்ப் பெண்கள் நாக்கை எவ்வளவு வேகமாக அசைக்கிறார்கள் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? எந்த கேமும் அந்த வேகத்தைக் கேட்காது.)

பெரம்பலூர், அரியலூரில் இருந்தால் எங்கே போகணும்?

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.54 லட்சம் பேர். பெரும்பாலும் கிராமங்கள். வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ ஒரு தெரபி செஷனுக்காகக் கிளம்பினால், அன்றைய கூலி போச்சு. திருச்சி வரை போக வேண்டுமென்றால் பெரம்பலூரிலிருந்தே 60 கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று தடவை வரச் சொன்னால் யாராலும் முடியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிக்கும், அதைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதிக்கும் இங்கே மதிப்பு கூடுவது அதனால்தான்.

முதல் படி கேம் இல்லை, பரிசோதனை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள், பக்கவாதம் என்றால் பொது மருத்துவப் பிரிவு. "ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட அனுப்புங்க" என்று நீங்களாகவே கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சை மட்டும் பார்ப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்கும் பயிற்சியும் அவர்கள் வேலைதான்.

குழந்தை என்றால் வழி வேறு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம், பிளவு உதடு, பிளவு அண்ணம், காது கேளாமை, பேச்சுத் தாமதம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டாலே வழி சொல்வார்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. பக்கவாதத்தாலோ ஆபரேஷனாலோ பேச்சு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்களும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் தொடங்கப்படும் 'விழுதுகள்' மையங்களில் பேச்சுப் பயிற்சியும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எது என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. கை, கால் பயிற்சிக்கு வருபவரிடம், தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுவதையும் மறக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்லாமலே விட்டுவிடுகிறோம், "அது வயசானா அப்படித்தான்" என்று.

தூரத்திலிருந்து வழிகாட்டுவது புதிய யோசனை இல்லை. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, செவித்திறன் துறை, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டக் கிராமங்களில் பிளவு உதடு, அண்ணம் உள்ள குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கி அவர்கள் மூலமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அனுபவம் உள்ளது. நிபுணர் சென்னையில், கை கொடுப்பவர் கிராமத்தில். நாக்குப் பயிற்சி கேம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கு வர வேண்டுமானால், அது இந்த மாதிரி ஏற்பாட்டுக்குள் வந்தால்தான் பயன். தெரபிஸ்ட் பார்க்காமல் தனியாகச் செல்போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்பாக வந்தால், ஒரு வாரத்தில் அதுவும் பயிற்சித் தாள் போன வழியில் போய்விடும்.

கருவி இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்?

காற்றுக் குமிழ் அளவுக் கருவி வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். ஆனால் அதன் அடிப்படைத் தத்துவம் எளிது: எதிர்ப்பு வேண்டும், எண்ணிக்கை வேண்டும், கண்ணில் தெரிய வேண்டும்.

தெரபிஸ்ட் ஒத்துக்கொண்டால், சுத்தமான ஸ்டீல் ஸ்பூனின் பின்பக்கத்தை நாக்கின் மேல் வைத்து லேசாகக் கீழே அழுத்தலாம். நோயாளி நாக்கால் மேலே தள்ள வேண்டும். பிறகு கன்னத்துக்குள் நாக்கை முட்டி, வெளியிலிருந்து விரலால் எதிர்ப்பது. ஒரு வேளைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பது ஆய்வுகளில் பயன்பட்ட அளவுகளில் ஒன்று. உங்களுக்கு எத்தனை என்பதைத் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். தினசரி காலண்டர் தாளில் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். பேரன், பேத்தி வீட்டில் இருந்தால் ஸ்கோர் போடும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தாத்தா ஏமாற்றினால் விடவே மாட்டார்கள். அதுதான் உங்கள் கேம்.

கேம் ஆப்பே பயன்படுத்துவதாக இருந்தால், அது முகத்தை வீடியோ எடுத்து எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள். குழந்தையின் முகம் என்றால் இன்னும் கவனம்.

சில விஷயங்களில் விளையாட்டே கூடாது. புரை ஏறும் நோயாளிக்குப் பயிற்சி என்று சொல்லித் தேன், வேர்க்கடலை, மிட்டாய் எதையும் வாயில் வைக்காதீர்கள். படுத்த நிலையில் செய்யாதீர்கள், நிமிர்ந்து உட்காரவையுங்கள். ஆபரேஷன் தையல் ஆறும் முன் நாக்கை அழுத்தவே கூடாது. குமிழ் மாதிரிச் சின்னச் சாமான்களைச் சிறு குழந்தை கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள், விழுங்கிவிடும்.

சாப்பிட்ட பிறகு குரல் 'களகள'வென்று ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவது, எடை குறைவது ஆகியவை இருந்தால் உணவு நுரையீரலுக்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணில் அழைக்கலாம். திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, நாக்கை நீட்டச் சொன்னால் திடீரென ஒரு பக்கமாகப் போனாலோ 104 வேண்டாம், நேராக 108-க்கு அழையுங்கள்.